கொல்கத்தாவில் நான் உடைத்த குவளைகள்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகு, அறிவிப்புப் பலகை முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். எழுபத்து நாலு வயதில் அ, ஆ தொடங்கியவன் நான். இரண்டு வருடம் ஆகிறது. பஸ்ஸின் நெற்றி, மருந்துப் புட்டி, கடைப் பலகை, எதைப் பார்த்தாலும் படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். அந்தச் சந்தோஷம் இன்னும் தீரவில்லை. நம் சபையிலிருந்து டிசம்பரில் ஒரு குழு ஊழியப் பயணமாகக் கொல்கத்தா போகிறதாம். நல்லது. யார் யார் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. கடைசி வரி இது: ‘சமையலுக்கு வருபவர் தமக்கென்று தட்டும் குவளையும் தனியாகக் கொண்டுவரவும்.’

தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி படித்தேன். சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் தாளில் எழுத, மருமகள் இணையத்தில் ஏற்றுகிறாள். ஒரு பத்திக்கு ஒரு காலைப் பொழுது போகிறது. எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

1981 கடைசியில் பினாங்கிலிருந்து ஒன்பது பேர் கல்கத்தாவுக்குப் போனோம். அப்போது அதுதான் பெயர். மெட்ராஸ் வரை கப்பல், ஏறக்குறைய ஒரு வாரம். அங்கிருந்து ஹவுராவுக்கு ரயில், ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், இரண்டு இரவு. எட்டுப் பேர் டவுன்காரர்கள். தலைவர் மூப்பர் தவமணி, பள்ளித் தலைமையாசிரியர். கூட அவர் மனைவி கமலம் அம்மா. ஒன்பதாவது ஆள் நான், ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, சமையலுக்கு. எல்லோரும் தமிழர், எல்லோரும் ஒரே சபை. ஆனால் அவரவர் அப்பாவோ தாத்தாவோ ஊரில் எந்தத் தெருவிலிருந்து கிளம்பிக் கப்பல் ஏறினார் என்பதை மட்டும் யாரும் மறக்கவில்லை.

கப்பலில் ஏறிய அன்றே கமலம் அம்மா நீல விளிம்பு போட்ட எனாமல் குவளை ஒன்றை என் கையில் கொடுத்தார். “உங்களுக்குன்னே வாங்கினேன் தம்பி. பத்திரமா வச்சுக்குங்க.” எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. எனக்கென்று அதுவரை யாரும் எதுவும் வாங்கித் தந்ததில்லை.

தங்கியது கார்டன் ரீச்சில், கப்பல் கட்டும் பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. விடியுமுன் எழுந்து கரி அடுப்பு மூட்டுவேன். அது பிடிக்கிறவரை புகையில் கண்ணே தெரியாது. ஆறு மணிக்கு ஜெபம். ஏழு மணிக்கெல்லாம் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் வரிசையில் நிற்பார்கள். ரொட்டியும் பாலும் கொடுப்போம், எங்களோடு வந்த நர்ஸ் புண்ணுக்குக் கட்டுப் போடுவார். மத்தியானம் இரண்டு அண்டா கிச்சடி. சாயங்காலம் பாட்டு. பாதிப் பாட்டில் கரண்ட் போகும். இருட்டிலேயே பாடி முடிப்போம். அந்த வேலை நல்ல வேலை. அதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கோபம் தெருமுனை டீக்கடையில் தொடங்கியது. வந்த மறுநாள் அங்கே டீ வாங்கினேன். சுடுமண் குவளையில் கொடுத்தான். குடித்துவிட்டு, கழுவித் திருப்பிக் கொடுக்கலாம் என்று குழாயடிக்குப் போனேன். கடைக்காரன் கையை ஆட்டினான். “ஃபேலே தாவ், தாதா.” தாதா என்றால் அண்ணன் என்று அதற்குள் தெரிந்திருந்தது. மற்றது புரியவில்லை. அவன் காட்டிய பக்கம் பார்த்தேன். சாக்கடை ஓரம் உடைந்த குவளைகள் குவியலாகக் கிடந்தன. தூக்கிப் போடு என்கிறான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் அப்பாவுக்குக் கடையில் டீ எதில் ஊற்றினார்கள் தெரியுமா? கொட்டாங்குச்சியில். குடித்ததும் தூரப் போட வேண்டும். அதற்குப் பயந்துதான் அவர் கடல் தாண்டினார். அவர் மகனுக்கு இங்கேயும் அதுவா?

“நான் வாய் வச்சத கழுவக்கூட மாட்டியா? என்னை யாருன்னு உனக்கு எவன் சொன்னான்?” என்று தமிழில் கத்தினேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே புதுக் குவளையில் இன்னொரு டீ ஊற்றி நீட்டினான். அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அதன்பின் அந்தக் கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. அந்த ஊரையே வெறுத்துக்கொண்டு கிச்சடி கிண்டினேன்.

அடுத்த வாரம் புளியும் ரசப்பொடியும் வாங்க, தமிழர் கடைகள் இருக்கும் லேக் மார்க்கெட் போனேன். மளிகைக் கடை திருநெல்வேலிக்காரருடையது. எதிரே ஒரு டீக்கடை. தும்பைப்பூ வேட்டி, தங்கக் கண்ணாடி, பெரிய அதிகாரி போல ஒருவர் டீ குடித்தார். மண் குவளையில். குடித்து முடித்ததும் குவளையைக் குப்பைத் தொட்டியில் வீசினார். பக்கத்தில் நின்ற போலீஸ்காரரும் வீசினார். நான் அந்தக் கடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்ன அண்ணாச்சி, டீக்கடைய மொறச்சுக்கிட்டு நிக்கீங்க?” என்றார் மளிகைக்காரர்.

நடந்ததைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அட, இங்க எல்லாருக்கும் அதான். எச்சி பாக்காம இல்ல, நல்லாவே பாக்காங்க. ஆனா ஆபீசர் பாபு எச்சியும் எச்சிதான், கூலிக்காரன் எச்சியும் எச்சிதான். ஒரு வாய்க்கு ஒரு குவளை, அதோட தீந்தது.” புளியைக் கட்டிக்கொண்டே கேட்டார்: “அங்க மிஷன் வீட்ல எதுல குடிக்கீங்க?”

“எனாமல் குவளைல.”

“எல்லாரும் எனாமலா?”

காசைக் கொடுத்துப் புளியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். எட்டுப் பீங்கான் கோப்பைகள் அலமாரியில். என் குவளை பின்கட்டில், குழாய்க்குப் பக்கத்தில், ஆணியில். எட்டுப் பேர் மேசையில் குடிப்பார்கள். நான் பின்வாசலில் நின்று குடிப்பேன். யாரும் நிற்கச் சொன்னதில்லை. குவளை தொங்கிய இடத்தில் நான் நின்றேன், அவ்வளவுதான். ஒரு வாரமாக எவனோ முன்பின் தெரியாத கடைக்காரனைத் திட்டியிருக்கிறேன்.

நான் கத்திவிட்டு வந்த அதே தெருமுனைக் கடைக்குப் போய் ஒன்பது மண் குவளை வாங்கினேன். மறுநாள் ஜெபம் முடிந்ததும் ஒன்பதிலும் டீ ஊற்றி மேசையில் வைத்தேன். பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தேன். வேலை போனால் திரும்பக் கப்பல் ஏற என்னிடம் காசு கிடையாது.

“கப்பெல்லாம் எங்க தம்பி?” என்றார் மூப்பர்.

“அலமாரில இருக்குங்கய்யா. இன்னைக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி.”

“உங்களுக்குத்தான் எனாமல் குவளை இருக்கே” என்றார் கமலம் அம்மா, அதே அன்பான குரலில்.

“உங்களுக்குந்தான் பீங்கான் இருக்குங்கம்மா.”

அம்மா நெஞ்செரிச்சல் என்று எழுந்து போய்விட்டார். மூப்பர் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார். “இத என்ன செய்யறது?”

“கீழ போட்டு உடைச்சிடுங்கய்யா.”

முற்றத்தில் போட்டார். உடைந்தது. நானும் என்னுடையதைப் போட்டேன். அதுவும் அதே சத்தம்தான்.

ஊர் திரும்பும்வரை மேசையில்தான் குடித்தேன், மண் குவளையில். அம்மாவின் நெஞ்செரிச்சல் கடைசி நாள்வரை தீரவில்லை. கிளம்பும்போது எனாமல் குவளையை என் பைக்குள் வைத்தார். எடுத்து மறுபடி அந்த ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.

இனி டிசம்பரில் போகிறவர்களுக்கு. விமானத்தில் நாலு மணி நேரம்தானாம், கப்பலெல்லாம் இல்லை. தங்குவது விமான நிலையம் பக்கம் நியூ டவுன் என்கிறார்கள். தமிழ்ச் சாமான் வேண்டுமானால் லேக் மார்க்கெட் வரை போக வேண்டும், மெட்ரோ பக்கத்தில் உண்டு. காலையில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். மண் குவளையில் டீ குடியுங்கள், குடித்ததும் குப்பையில் போடுங்கள், ஞாபகத்துக்கென்று தூக்கி வராதீர்கள்.

குவளை யாரும் கொண்டுபோக வேண்டாம், சமையலுக்கு வருகிறவரும்தான். பலகையில் அந்தக் கடைசி வரியை அழித்துவிடுங்கள். வருகிற ஞாயிறும் பார்ப்பேன். அழிக்க ஆள் இல்லை என்றால் நானே அழிக்கிறேன். அந்த இடத்தில் வேறு வரி எழுத வேண்டுமா, அதையும் எழுதித் தருகிறேன். எனக்கு இப்போது எழுதத் தெரியும்.