மடியில் இருந்த கண்ணாடி

என் அப்பா மதுரைவீரனின் வலது கண்ணில் லென்ஸ் கிடையாது. 1982 தை மாதம் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் எடுத்துவிட்டார்கள். புரை விழுந்த லென்ஸை அப்போதெல்லாம் முழுசாக எடுப்பார்கள். பதிலுக்கு உள்ளே எதுவும் வைப்பதில்லை. இடது கண்ணை மறு வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

குன்னத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டு ஊர் எங்களுடையது. அப்பாவுக்குச் சொந்த நிலம் இல்லை. செல்லமுத்து என்பவரின் காட்டில் பருத்திக்கும் சோளத்துக்கும் ஏர் ஓட்டினார். எங்கள் காலனி ஆட்கள் செல்லமுத்துவை ஆண்டை என்பார்கள். அப்பா போடும் உழவுச்சால் நூல் பிடித்தது மாதிரி இருக்கும் என்று பேர். அது கோணத் தொடங்கியபோதுதான் அவர் கண் போனது ஊருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அம்மா குஞ்சம்மாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். ஒதுங்கப் போவதற்கும் அவள் வேண்டும். அப்பாவால் தாங்க முடியாமல் போனது அதுதான். முகாமில் டாக்டரிடம் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

"ஏரு ஓட்ட முடியுமான்னு கேக்கலீங்க சார். ஒரு ஆளு கையைப் புடிக்காம நடந்து போயிட்டு வந்தாப் போதுங்க."

"நடக்கலாம். புண் ஆறட்டும். கண்ணாடியை உங்க பொண்ணே போட்டுவிடும்" என்றார் டாக்டர்.

நான் அப்போது திருச்சியில் கண் பரிசோதனை உதவியாளர் பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். புண் ஆறியதும் நானே அளவு பார்த்தேன். பத்து பவர் வந்தது.

கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தை வளைத்துக் குவிக்க இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. ஒன்று, கண்ணின் முன்பக்கம் வளைந்து நிற்கும் தெளிவான படலம். மூன்றில் இரண்டு பங்கு வேலை அதனுடையது. மீதியைப் பாவைக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் செய்கிறது. தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகவும், பக்கத்தில் பார்க்கும்போது புடைப்பாகவும் அது தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து வளைத்தால்தான் வெளிச்சம் கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரையில் சரியாகக் குவியும். லென்ஸ் போய்விட்டால் குவியும் இடம் திரைக்குப் பின்னால் தள்ளிப்போகும். திரையில் விழுவது வெறும் கலங்கல். அதை முன்னால் இழுக்க, கண்ணுக்கு வெளியே நடுவில் தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டுகிறோம்.

இதைத்தான் அப்பாவிடம் சொன்னேன்.

"ரெண்டு மாடு பூட்டுன ஏருன்னு சொல்லு. பெரிய மாடு இருக்கு. சின்னது போயிருச்சு."

"ஆமாம்ப்பா."

"அப்ப இது எரவல் மாடு." மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைத் தட்டினார்.

"எரவல் மாடுதான். ஆனா அவுக்கக் கூடாது. அவுத்தா ஒத்தை மாடு, ஏரு நவுறாது."

சிரித்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"என்னாடி குஞ்சம்மா, நான் பாக்காத நேரத்துல இந்தப் பெருப்பு பெருத்துட்ட?"

"நான் ஒண்ணும் பெருக்கல. ஒங்க எரவல் மாடு அப்படிக் காட்டுது. சொல்லு ஆயி இந்த மனுசனுக்கு" என்று அம்மா என்னைத் துணைக்கு இழுத்தாள்.

அம்மா சொன்னது சரி. அந்தக் கண்ணாடி எதையும் கால் பங்கு பெரிதாகவும் கிட்டத்திலும் காட்டும். சொம்பை எடுக்கக் கை நீட்டினால் கை எட்டாது. ஓரத்தில் ஒரு வளையம் அளவுக்கு ஒன்றுமே தெரியாது. பக்கவாட்டில் வரும் ஆள் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும். "முனியாட்டம் குதிக்கிறானுவ" என்று அப்பா திட்டுவார். கண்ணை உருட்டாமல் தலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பழகிக்கொண்டார். சித்திரை பிறப்பதற்குள் ஓடைக்கரை வரை தனியாகப் போய் வந்தார். அப்புறம் தனியாகக் குன்னம் சந்தைக்குப் போய் கருவாடு வாங்கி வந்தார். அன்று அம்மா அதை ஆய்ந்துகொண்டே அழுதாள். கருவாட்டில் பாதி சொத்தை என்று காரணம் சொன்னாள்.

வைகாசியில் நான் ஊருக்கு வந்தேன். பஸ், செல்லமுத்துவின் ஆட்கள் குடியிருக்கும் பெரிய தெருவின் முனையில் நிற்கும். காலனிக்குப் போக அந்தத் தெருவைக் கடந்தாக வேண்டும். எதிர்முனையில் அப்பா என்னைக் கூப்பிட வந்துகொண்டிருந்தார். தலை நிமிர்ந்து, கையில் கம்பு இல்லாமல். தெரு தொடங்கும் இடத்தில் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். தோளில் கிடந்த துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். இதெல்லாம் எங்கள் ஆட்கள் எப்போதும் செய்வது. கடைசியாகக் கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகினார். அதற்குப் பிறகு வந்தவர் வேறு ஆள். காலால் தரையைத் தடவிக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

"அப்பா."

"ஆயி... வந்துட்டியா?"

காலனிக்கு நடந்தோம். அங்கே வந்ததும் அவர் செருப்பை மாட்டினார், கண்ணாடியையும் மாட்டினார்.

"யாரு கழட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

அம்மா சொன்னாள். கண்ணாடி போட்டு முதல்நாள் அந்தத் தெருவில் போனபோது, டீக்கடை வாசலில் நின்ற அண்ணாதுரை, செல்லமுத்துவின் தம்பி மகன், கூப்பிட்டிருக்கிறான். "என்னா மதுரவீரா, கலெக்டரு கெளம்பிட்டாப்ல? ஜீப்பு எங்க?" எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்பாவும் சிரித்திருக்கிறார். மறுநாளிலிருந்து கண்ணாடி மடிக்குப் போய்விட்டது.

"அவன் கெடக்குறான். நீ போட்டுக்கிட்டுப் போப்பா."

"செருப்பைக் கழட்டுறோம். துண்டை எடுக்குறோம். இது மட்டும் மூஞ்சியில நின்னா நல்லாவா இருக்கு?"

"செருப்பும் இதும் ஒண்ணா? கழட்டினா வெளிச்சம் திரையில சேராதுன்னு சொன்னேன்ல? ஒனக்குப் புரிஞ்சுதுல்ல?"

"புரிஞ்சுது ஆயி. நல்லாவே புரிஞ்சுது." என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அந்த ஒரு தெருவுல மட்டும் ஒத்தை மாட்டுல ஓட்டிக்கிறேன். எங்க கல்லு, எங்க குழின்னு எனக்குத் தெரியும். பொறந்ததுலேருந்து நடந்த தெரு."



ஐப்பசியில் பெரிய தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது. தெருவின் குறுக்கே பள்ளம் வெட்டினார்கள். காலையில் வெட்டியது. பகலில் அப்பா அந்த வழியாகப் போனார். செருப்பு கையில், துண்டு அக்குளில், கண்ணாடி மடியில்.

இடுப்பு எலும்பு உடைந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

பெரம்பலூரில் கட்டுப்போட்டுப் படுக்கையோடு அனுப்பிவிட்டார்கள். நான் லீவு போட்டு வந்தேன். அம்மா மறுபடியும் எல்லாம் செய்ய வேண்டியதாயிற்று, முன்பைவிட அதிகமாக. அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு செய்யவிடுவார். மற்ற நேரத்தில் கண்ணாடி போட்டபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்த மூங்கில் உளுத்துப்போச்சுன்னு யாருமே சொல்லல பாரு" என்று ஒருநாள் சொன்னார்.

கார்த்திகையில் செல்லமுத்து வந்தார். காலனிக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு ஒரு வறட்டு இருமல் உண்டு. ஆள் வருவதற்கு முன்னால் அது வரும். இருமல் கேட்டதும் அப்பாவின் கை கண்ணாடிக்குப் போனது. கழற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் முனகினார்.

"படுடா, படு. ஏன்டா, கண்ணாடி போட்டிருந்தா பள்ளம் தெரிஞ்சிருக்குமுல்ல?"

"தெரிஞ்சிருக்குங்க ஆண்டே."

"அப்பறம் ஏன்டா போடல?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. அப்பா அவர் குரல் வந்த பக்கமாகச் சிரித்தார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். செல்லமுத்து கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார்.

இருமல் தூரத்தில் கேட்டபிறகு அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆண்டைக்குத் தலை நரைச்சிருச்சா ஆயி?"

"முழுசா நரைச்சிருச்சுப்பா."

"அப்படியா" என்றார். "எங்கண்ணுல இன்னும் கறுப்பாத்தான் இருக்காரு."

படுக்கைப் புண் வந்தது. சளி கட்டியது. மார்கழி முடியும் முன் அப்பா போய்விட்டார். இடது கண்ணை அறுக்க வேண்டிய முகாம் அடுத்த மாதம்.

குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்தி, வாசலில் நாற்காலியில் வைத்தார்கள். அம்மா உள்ளே போய் கண்ணாடியை எடுத்து வந்தாள். தலைப்பால் துடைத்து அவர் முகத்தில் மாட்டினாள். காதில் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் சரிந்தது. நான் நிமிர்த்திவிட்டேன்.

"கண்ணை மூடுனவனுக்குக் கண்ணாடி எதுக்கு? கழட்டு தாயி" என்றார் பங்காளி அமாவாசை.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா.

பறைச்சத்தம் நின்ற நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. பெரிய தெருவிலிருந்து நாலைந்து பேர் வந்து தள்ளி நின்றார்கள். அமாவாசை சட்டென்று தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். எனக்கு அப்பாவின் வலது கையைத்தான் பார்க்கத் தோன்றியது.

கை மடியிலேயே இருந்தது.