குப்பியோவில் மெழுகுதிரிகள் ஓடிய நாள்

போன மே மாதம் நானும் கணவர் அன்ரனும் இத்தாலிக்குப் போனோம். முப்பதாவது கல்யாண நாளுக்கு ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் இருக்கும் மகள் டிக்கெட் எடுத்துத் தந்தாள். ரோமோடு நின்றுவிடாமல் குப்பியோ என்ற மலையூருக்கும் போகச் சொன்னவள், ஸ்காபரோவில் என்னோடு வேலைசெய்யும் ரோசா. போனால் ஊர்த் திருவிழா நடக்கும் மே பதினைந்தில் அங்கே நிற்கவேண்டும் என்றாள்.

ரொறன்ரோவிலிருந்து ரோமுக்கு நேர் விமானத்தில் ஒன்பது மணித்தியாலம். பிறகு இரண்டரை மணித்தியால ரயில், கடைசியாக அரை மணித்தியால பஸ். அறைக்கு ஒரு இரவுக்குத் தொண்ணூறு யூரோ. நான்கு மாதம் முந்தியே பதிந்தபடியால்தான் அந்த விலை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கே ஆயராக இருந்தவர் எதிரிகளின் முற்றுகையிலிருந்து ஊரைக் காப்பாற்றினார் என்பது ஊராரின் நம்பிக்கை. அவர் நினைவாக மூன்று மரக் கோபுரங்களைத் தோளில் தூக்கி மலையுச்சிக் கோவிலுக்கு ஓடுகிறார்கள். மெழுகுதிரி என்றுதான் அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றும் நாலு மீற்றருக்கு மேல் உயரம், உச்சியில் ஒரு புனிதரின் சுரூபம்.

காலை பதினொன்றரைக்குச் சதுக்கத்தில் கோபுரங்களை நிமிர்த்தினார்கள். சனம் அலையாகத் தள்ளியது. திரும்பிப் பார்த்தேன், அன்ரனைக் காணவில்லை. அவருக்குச் சீனி வருத்தம். இன்சுலினும் பிஸ்கற்றும் என் பையில், அவருடைய போன் அறையில். ஒன்றரை மணித்தியாலம் அவருடைய படத்தைக் காட்டிக் காட்டி அலைந்தேன். கடைசியில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு கோபுரந்தூக்கி படத்தைப் பார்த்துச் சிரித்து, மூலையிலிருந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்த மேசையில் அன்ரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைசுற்றிப் படியில் இருந்தவரை அந்த வீட்டுக்காரி உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணியில் சீனி அள்ளிப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"இஞ்ச வாரும், உப்புக் கருவாடு. மன்னாரில சாப்பிடுற மாதிரியே கிடக்கு," என்றார்.

"உங்களைத் தேடி நான் செத்துப் போனன்," என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் எழும்பி எனக்குக் கதிரையை விட்டுத் தந்தார். வீட்டுக்காரி இன்னொரு கோப்பை வைத்தாள்.

மாலை ஆறு மணி ஓட்டத்தை அந்த வீட்டு யன்னலில் நின்றே பார்த்தோம். ஆயரின் கோபுரம்தான் எப்போதும் முன்னுக்குப் போகும், ஒன்றை ஒன்று முந்தவே கூடாது. பிறகு எதற்குப் போட்டி என்று கேட்டேன். அந்த வீட்டு மகள் ஆங்கிலத்தில் சொன்னாள்: விழுத்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் போட்டி. முப்பது வருடக் கல்யாணக்காரிக்கு அது உடனே விளங்கியது.

போகிறவர்களுக்கு: வழுக்காத சப்பாத்துப் போடுங்கள். மருந்தை இருவர் பையிலும் பிரித்து வையுங்கள். தவறினால் சந்திக்க ஓர் இடத்தை முதலே பேசிவையுங்கள். நாங்கள் அடுத்த நாள் கம்பியில் தொங்கிப் போகும் கூண்டு லிஃப்ரில் மலையுச்சிக்குப் போய், இறங்கும்போது நடந்து வந்தோம். வழி முழுக்க அன்ரன் என் கையை விடவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் தெருவில் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.