மேளம் நின்ற மத்தியானம்

2022ஆம் ஆண்டு, மாசி மாதக் கடைசி. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பதைத் தவிர ஊரில் வேறு கதை இல்லாத காலம். கொக்குவிலில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், குறுகலான ஒழுங்கை ஒன்றில் இருக்கும் தையற்கடையில்தான் அன்றும் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். கடை என்றதும் கண்ணாடி அலுமாரியும் பெயர்ப்பலகையும் நினைக்க வேண்டாம். முதலாளி அக்காவின் வளவுக்குள் மதிலோடு சேர்த்துக் கட்டிய ஒரு நீட்டு அறை. அதன் பின்பக்கம் துணி வைக்கிற சின்ன அறை. வேலை செய்வது மூன்று பேர்: அக்கா, நான், பிறகு எங்கள் தங்கச்சி.

தங்கச்சி என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என்னை விட வயதில் குறைந்தவள், கொக்கி வைப்பதும் கைத்தையலும் அவள் வேலை. கலியாணம் செய்து பல வருடம் பிள்ளை இல்லாமல், போகாத கோயில் இல்லை என்று அலைந்து, அப்போதுதான் வயிற்றில் ஆறு மாதம். அவள் கதிரையில் இருந்து எழும்பினாலே அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டுவோம். அந்தப் பிள்ளை அவளுக்கு மட்டுமல்ல, எங்கள் இரண்டு பேருக்கும்தான் என்கிற மாதிரி நடந்துகொண்டோம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் சரியான பகற்கனவுக்காரி. கை தைக்கும், மனம் எங்கேயோ போய்விடும். கொழும்பு ரயில் கூவிக்கொண்டு போனால் நானும் அதில் ஏறி, அனுராதபுரம் தாண்டும் வரைக்கும் யன்னலோரத்தில் இருந்துவிட்டுத்தான் திரும்பி வருவேன். "எங்கை நிக்கிறாய் இப்ப?" என்று அக்கா பகிடியாகக் கேட்பா. தையல் பிசகாதபடியால் ஏச்சுப் பேச்சு விழுவதில்லை.

அன்றைக்கு எங்களுக்கு இரண்டு நெருக்கடி. மறுநாள் காலை ஒரு கலியாணம். பொம்பிளையின் கூறைச்சேலைக்கு உரிய சட்டை இன்னும் முடியவில்லை. மற்றது, மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஐயா முதல் நாள் மாலை காலமாகிவிட்டார். மதிலுக்கு மேலால் கறிவேப்பிலையும் மாங்காயும் எட்டித் தருகிற நல்ல மனிதர். அந்த வீட்டில் பிரேதம் கிடக்கும்போது இந்தப் பக்கம் மெசின் ஓட்டுவதே மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் கலியாணப் பொம்பிளைக்கு என்ன பதில் சொல்வது?

சாமான் அடுக்கிய மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் காரியங்கள் நடந்தன. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. வழக்கமாக ஜெனரேற்றரை முற்றத்தில், முருங்கை மரத்தடியில் வைத்துத்தான் ஓட்டுவோம். அது போடுகிற சத்தம் செத்த வீட்டுக்குள் கேட்கும். "ஐயாவைக் கிடத்தியிருக்கேக்கை உது மரியாதை இல்லை" என்றா அக்கா. எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அக்காவும் நானும் ஜெனரேற்றரைத் தூக்கிப் பின்னறைக்குள் கொண்டுபோய் வைத்தோம். அறையில் கையகல யன்னல் ஒன்று இருந்தது, புகை போக அது காணும் என்று நினைத்தோம். சத்தம் வெளியே போகாமல் முன் கதவைச் சாத்தினோம். மதில் பக்கத்து யன்னல்களையும் பூட்டினோம், அதற்குச் சத்தம் மட்டும் காரணம் இல்லை. கூறைச் சட்டையைச் செத்த வீட்டுப் பக்கம் காட்டக் கூடாது என்று தங்கச்சிதான் நாங்கள் தடுத்தும் கேளாமல் ஓடி ஓடி இழுத்துப் பூட்டினாள். நல்லது என்று நினைத்து, நல்ல மனதோடு, ஒரு காற்றும் வராமல் எங்களை நாங்களே அடைத்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கையில் மேளம் தொடங்கியது. அந்தச் சத்தத்தோடு என் மெசினும் ஒத்துப் போவது போல இருந்தது. சிவப்புப் பட்டு ஊசிக்குக் கீழே மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

தங்கச்சிதான் முதலில் சொன்னாள், "தலை இடிக்குது அக்கா."

"பசி பிள்ளை," என்றா அக்கா. பிரேதம் எடுக்கும் வரைக்கும் எங்கள் ஒழுங்கையில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. காலையில் இருந்து பிஸ்கற்றும் சோடாவும்தான். எனக்கும் தலை கனத்தது, மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அக்காவுக்குக் குமட்டி ஓங்காளம் வந்தது, இரவு நித்திரை இல்லாத பித்தம் என்றா. தங்கச்சியின் முகம் சிவந்து மினுங்கியது. தாயாகப் போகிற வடிவு வந்துவிட்டது என்று அவளைச் சீண்டினோம். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஆளுக்கொரு காரணம் கைவசம் இருந்தது, அதனால் யாரும் எழும்பிக் கதவைத் திறக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சம், ஏனென்றால் அது அவ்வளவு சுகமாக இருந்தது. தலை இடி எங்கேயோ போய்விட்டது. கை கால் பஞ்சாகிவிட்டது. சிவப்புப் பட்டு மெசினில் இருந்து இறங்கி நிலமெல்லாம் பரவி, கதிரைக் கால்களை மூடி, முழங்கால் வரைக்கும் வந்தது. மேளம் தூரத்தில் இல்லை, என் நெஞ்சுக்குள்ளேயே யாரோ அடிக்கிறார்கள். ரயில் தண்டவாளத்தை விட்டு ஒழுங்கைக்குள் திரும்பி, எங்கள் வாசலில் சத்தமில்லாமல் வந்து நின்றது. பெட்டிக் கதவு திறந்திருந்தது. உள்ளே மதில் பக்கத்து ஐயா யன்னலோரம் இருந்து, பக்கத்து இருக்கையில் இருந்த கறிவேப்பிலைக் கட்டை எடுத்து எனக்கு இடம் விட்டார். ஏறலாம்தான். ஆனால் எழும்புவது பெரிய வேலையாகத் தெரிந்தது. ரயில் நிற்கும், அவசரமில்லை, கொஞ்சம் கண்ணை மூடுவோம் என்று நினைத்தது மட்டும் ஞாபகம்.

அந்தக் கனவில் ஒரு மாற்றம் வந்தது. மேளம் நின்றது. அந்த நிசப்தம் என்னைப் பிடித்து உலுக்கியது. ஏனப்பா நிப்பாட்டிவிட்டார்கள் என்று எரிச்சலோடு கண்ணைத் திறந்தால், நான் முற்றத்து மண்ணில் கிடக்கிறேன். மேலே முருங்கையும் வெயிலும். சுற்றி நிறைய வேட்டிகள்.

நடுவில் என்ன நடந்தது என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

செத்த வீட்டுக்கு உடுப்பிட்டியில் இருந்து பஸ்ஸில் வந்திருந்த ஓர் அன்ரி. ஐயாவுக்கு ஏதோ தூரத்துச் சொந்தம், எங்களுக்கு முன்பின் தெரியாதவர். அந்த வீட்டில் கூட்டமானபடியால், பாத்ரூம் போவதற்கு இடம் கேட்டு எங்கள் கேற்றைத் திறந்துகொண்டு வந்திருக்கிறார். "வீட்டுக்காரர், ஆக்கள் இருக்கிறியளோ?" என்று கூப்பிட்டால் பதில் இல்லை. ஆனால் உள்ளே மெசின் ஓடுகிற சத்தம் விடாமல் கேட்டிருக்கிறது. என் கால் மிதியின் மேலேயே கிடந்ததாம். சட்டை எப்போதோ கீழே விழுந்துவிட்டது, ஊசி வெறுமனே குத்திக்கொண்டிருந்தது. ஆள் இருந்தும் வாய் திறக்கவில்லையே என்று அவருக்குக் கோபம். கதவைத் தள்ளியிருக்கிறார்.

கண்டதும் "ஐயோ, ஐயோ, ஓடி வாங்கோ!" என்று முற்றத்தில் நின்று கத்திக் குழறியிருக்கிறார். ஒருவரும் வரவில்லை. செத்த வீட்டு ஒழுங்கையில் ஒரு பெண் குழறினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? தூரத்துச் சொந்தம் யாரோ வந்து அழுகிறார்கள் என்று இருந்துவிட்டார்கள். ஒரு கிழவர் கதிரை எடுத்து வைக்கவும் சொன்னாராம்.

அன்ரி மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு உள்ளே போய், தங்கச்சியின் கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். வாசலைத் தாண்ட முடியவில்லை. விட்டுவிட்டு ஒழுங்கைக்கு ஓடி, மேளகாரர் முன்னால் போய் நின்று, ஒருவரின் கையில் இருந்த தடியைப் பறித்துவிட்டார்.

"நிப்பாட்டுங்கோ! அங்கை உசிரோடை இருக்கிறதுகள் சாகுதுகள், இங்கை செத்தவருக்கு அடிக்கிறியள்!"

பிரேதம் எடுக்கிற நேரம். அந்த நேரத்தில் மேளத்தைத் தடுப்பதென்றால் எங்கள் ஊரில் அடிதடியே வரும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த மேளகாரர்தான் முதலில் ஓடி வந்தார்கள். ஜெனரேற்றரை அணைத்து, யன்னல்களை அடித்துத் திறந்து, அக்காவையும் என்னையும் தூக்கியது அவர்கள். தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் நின்ற வான் வண்டிக்கு ஓடியது, கொள்ளி வைக்க இருந்த ஐயாவின் மகன். தோய்ந்த ஈர வேட்டியோடு, கிரியையின் நடுவில் எழும்பி வந்தவர். தீட்டு, முறை, நேரம் ஒன்றையும் அந்த மனிதர் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும். ஐயாவின் பிரேதம் எங்களுக்காக அந்த வீட்டு முற்றத்தில் காத்துக்கொண்டு கிடந்தது.

பெரியாஸ்பத்திரியில் மூவருக்கும் ஒக்சிசன் வைத்தார்கள். ஜெனரேற்றர் புகையில் இருந்தது நிறமும் மணமும் இல்லாத ஒரு நஞ்சு வாயு, அது இரத்தத்துக்குள் போய் ஒக்சிசனின் இடத்தைப் பிடித்துவிடும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். நாங்கள் மணந்த பெற்றோல் புகைக்குப் பின்னால் ஒளிந்து வந்திருக்கிறது. "இது எங்கை நடந்தது? வீட்டிலையோ, வேலை செய்யிற இடத்திலையோ?" என்று அவர் கேட்டார். கடை என்றால் அக்காவிடம் கேள்வி வரும், வீடு என்று சொன்னால் ஒரு பிரச்சினையும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அக்கா முகமூடியை விலக்கிவிட்டு, "என்ரை கடையிலை, டொக்டர். நான்தான் ஜெனரேற்றரை உள்ளுக்கை வைக்கச் சொன்னனான்," என்றா. அந்தப் பதிலுக்காகவே அவவோடு இன்றைக்கும் வேலை செய்கிறேன்.

தங்கச்சி இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிள்ளையின் இதயம் துடிக்கிறது, ஆனால் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். காலையில் இருந்து பிள்ளை அசையவே இல்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். எனக்குக் கூறைச் சட்டை, கலியாணம் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. நான் கும்பிடாத தெய்வத்தையும் அன்றைக்குக் கும்பிட்டேன். வெயில் சாய்ந்து, பார்வையாளர்கள் வருகிற நேரம், அவள் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உதைக்குது," என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அவளோடு சேர்ந்து நாங்களும் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதோம்.

ஆஸ்பத்திரி அறிவித்ததால், சில கிழமைகளில் தொழில் திணைக்களத்தில் இருந்து ஓர் அதிகாரி வந்தார். மூன்று மெசின் உள்ள அறைக்கும் சட்டம் இருக்கிறது என்பதே எங்களுக்குப் புதினமான செய்தி. காற்றும் வெளிச்சமும் வெளியேறும் வழியும் முதலாளி தர வேண்டியவை, அது தயவு இல்லை, கடமை என்று அக்காவுக்கு எடுத்துச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "வேலை நேரத்திலை தலை சுத்தினால் நீங்கள் ஆருக்குச் சொல்லுவியள்?"

தங்கச்சி உள்ளதைச் சொன்னாள், "சொல்லமாட்டம் சேர். சமாளிப்பம்."

அவர் சிரிக்கவில்லை. "சொல்லுறது உங்கடை கடமை. வேலையை நிப்பாட்டிப் போட்டு வெளியிலை போனாலும் அது மரியாதைக்குறைவு இல்லை," என்றார். வாய்ப்பாடு மாதிரி எத்தனையோ அறிவுரை கேட்டிருக்கிறேன், ஆனால் இந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் தைத்தது. எங்களைக் கொல்லப் பார்த்தது கவனக்குறைவு மட்டும் இல்லையே. அயலுக்கு மரியாதை, கூறைக்கு மரியாதை, முதலாளி சொன்னால் மறுக்காத மரியாதை, தன் நோவைப் பெரிதாகச் சொல்லாத மரியாதை. உயிர் தந்ததோ, செத்த வீட்டு மேளத்தைத் தடுத்த ஒரு பெண்ணின் பெரிய மரியாதைக்கேடு.

இப்போது ஜெனரேற்றர் வெளியே, கூரை போட்ட தனி இடத்தில் இருக்கிறது. அறைக்கு இன்னொரு கதவும் வைத்தாயிற்று. அந்த அன்ரியை உடுப்பிட்டிக்குத் தேடிப் போய்க் கும்பிட்டோம். "நான் பாத்ரூம் தேடி வந்தனான் பிள்ளையள், என்னைச் சாமியாக்காதேங்கோ," என்று எங்களை ஏசித்தான் அனுப்பினார்.

தங்கச்சிக்குப் பொம்பிளைப்பிள்ளை பிறந்தது. ஒரு குறையும் இல்லை. இப்போது முன்பள்ளி முடிந்து நேரே கடைக்குத்தான் வருகிறாள். வெக்கை என்றால் வெக்கை என்பாள், புழுதி மூக்கில் ஏறினால் ஒழுங்கைக்கே கேட்கக் கத்துவாள், வாடிக்கையாளர் நிற்கிறார்கள் என்றும் பார்க்கமாட்டாள். "பொம்பிளைப்பிள்ளை, மரியாதையாய் இரு," என்று தாய் அதட்டும்போதெல்லாம் நான் மெசினை நிறுத்திவிட்டு, "கத்தட்டும் விடு" என்பேன். அன்றைக்கு அந்த அறைக்குள் இருந்த எங்களில் ஒருத்திக்காவது இவளுடைய வாய் இருந்திருந்தால், ஒரு செத்த வீட்டின் மேளத்தை நிறுத்தித்தான் எங்களை எழுப்ப வேண்டி வந்திருக்காது.