போர்வைக் கரையும் ஆறு மாத்திரைகளும்

முதலில் காட்டிக்கொடுத்தது செருப்புதான். செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து வீடு வருவதற்குள் வார் பாதத்தில் பள்ளம் பதித்திருந்தது. நான் பிளவுஸ் தைப்பவள். மிஷின் மிதித்த வீக்கம் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் கண்ணிமையும் உப்பியது.

விழுப்புரத்தில் பயாப்ஸி (சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் வீணாகும் நோய்) என்றார் டாக்டர். தினமும் காலையில் ஆறு ஸ்டீராய்டு மாத்திரை. பிறகு என் கணவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர், "ஒண்ணுமில்ல, உப்பு கொறைக்கணுமாம்" என்றார். உப்பைப் பற்றிப் பேச அவ்வளவு நேரமா?

மிஷின் மிதிக்கக் கூடாது என்றதால், விடுதியில் படிக்கும் மகளுக்காகத் துண்டுத்துணிகளில் பாதி தைத்து வைத்திருந்த போர்வையை எடுத்தேன். நடுப்பகுதி முடிந்திருந்தது. கரைதான் பாக்கி. நாலு விரல் அகலமா, ஆறு விரலா? அரக்குக்குப் பக்கத்தில் கடுகு மஞ்சளா, பச்சையா? மூலையில் வரிசையைத் திருப்புவதா, சதுரம் வைத்து முடிப்பதா? கட்டிலில் துண்டுகளை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினேன்.

மதியம் கண்ணயர்ந்து எழுந்தால் அடுக்கு மாறியிருந்தது. அப்படித்தான் தெரிந்தது. எனக்கு ஒத்தாசைக்காகத் தொண்டூரிலிருந்து வந்திருந்த நாத்தனாரைக் கேட்டேன்.

"யார் கை வச்சது?"

"நான் அந்த ரூமுக்கே போவல அண்ணி."

நம்பவில்லை. ஒவ்வொரு துண்டின் பின்னாலும் சாக்பீஸால் எண் போட்டேன். மறுநாளும் மாறியதாகவே தெரிந்தது. திருப்பிப் பார்த்தால் எண்கள் வரிசையாக இருந்தன. அதோடு விட்டிருக்கலாம். எண்ணை அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கிறாள் என்று முடிவு கட்டி, அவளிடமே சண்டை பிடித்தேன். பாவம், அவள் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டாள்.

அடுத்து மாத்திரை. புது அட்டையின் நிறம் வேறாகப் பட்டது. கணவர் எதையோ மாற்றித் தருகிறார் என்று தோன்றியது. அவர் எதிரில் வாயில் போட்டு, பின்பக்கம் போய்த் துப்பினேன். நாலே நாளில் கால் மறுபடி வீங்கியது.

அமாவாசை என்பதால் வழியெல்லாம் மலையனூர் கோயிலுக்குப் போகும் கூட்டம். விழுப்புரம் போய்ச் சேர மதியமானது. டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "நிறுத்திட்டீங்களா? இத திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் என் கணவர் பக்கம் திரும்பினார். "தூக்கம் கெடும், சந்தேகம் வரலாம்னு அன்னைக்கே சொன்னேனே. இவங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா டென்ஷன் ஆயிடுவான்னுதான் சார்."

எனக்குக் கோபமும் அவமானமும் ஒன்றாக வந்தன. கூடவே அசட்டுத்தனமாக ஒரு வெற்றி. அவர்கள் என்னிடம் எதையோ மறைத்தது நிஜம்தான். நான் அவர்களைச் சந்தேகப்படுவேன் என்பதைத்தான் மறைத்திருந்தார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மருந்து தொடங்கினால், அது மனதை என்ன செய்யும் என்பதை அவரிடமே சொல்லிவிடுங்கள்.

மாத்திரையை மறுபடி தொடங்கினேன். ஒவ்வொரு நாளும் அட்டையில் பெயர் படித்து, எண்ணித்தான் விழுங்கினேன். மருந்தால் முகம் உப்பி வட்டமாகிவிட்டது. இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் ஒரு நாள் காத்திருக்கிறேன். மறுநாளும் இருந்தால் அது என்னுடையது, இல்லாவிட்டால் மருந்தினுடையது. என் நாள்கள் இப்படி இரண்டிரண்டாகத்தான் நகர்கின்றன.

கரை தைத்து முடித்த காலை, கணவரிடம் விரித்துக் காட்டினேன்.

"நல்லாருக்குது."

"நெசத்தச் சொல்லுங்க."

குனிந்து நாலு பக்கமும் பார்த்தார். தயங்கினார். "இந்த மூலை நல்லா இல்ல. மஞ்சள் துருத்திக்கினு இருக்குது."

நான் ரொம்ப யோசித்து, ஆசையாக வைத்த மூலை அது. அதைப் பிரிக்கவில்லை. அன்றைய மாத்திரையை அவர் நீட்டியபோது, எண்ணாமல் வாங்கி விழுங்கினேன்.