செவ்வாய்க்கிழமைக்கு மாறிய ஆட்டம்

லவோன் பிக்கெட்டும் நானும் டெல்வுட் முதியோர் இல்லத்தில் பதினோரு வருஷம் ஒரே இரவு ஷிஃப்டில் வேலை பார்த்தவர்கள். மாலை ஆறு மணிக்கு உள்ளே போனால் காலை ஆறுக்குத்தான் வெளியே வருவோம். அவளுக்கு ஞாயிறு முதல் வியாழன் வரை வேலை. வெள்ளியும் சனியும் அவளுடையவை. அந்த இரண்டு நாளை அவள் யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டாள், ஏனென்றால் அவள் மகன் கெண்டல் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிற நாட்கள் அவை.

கெண்டலின் அப்பா லாரி ஓட்டப் போகிறேன் என்று இண்டியானா பக்கம் போனபோது பையனுக்கு நாலு வயசு. அதற்குப் பிறகு அம்மாவும் மகனும்தான். பள்ளிக்கூட ஆட்டங்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். லவோன் ஒன்றைக்கூட விட்டதில்லை. ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்டுவிட்டால் பதினோரு பேரும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள் என்று நான் சொல்வேன். "நடையை வெச்சே சொல்லிருவேன்" என்பாள். எதிராளி பந்தோடு எல்லோரையும் தாண்டி வந்துவிட்டால் கடைசியாக ஒருவன் நிற்பான், மோதித் தரையில் சாய்க்க. கெண்டல் அந்த ஒருவன்.

கிரான்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சியாளர் ப்ரன்னர் அவள் வீட்டுச் சமையலறைக்கே வந்து உட்கார்ந்து பேசினார். அவர் பேசியதை லவோன் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

"மேடம், பெரிய யுனிவர்சிட்டிக்குப் போனா, சனிக்கிழமை நடக்கிற அறுபது ஆட்டத்துல இவனோடதும் ஒண்ணு. எவன் கண்ணுல படும்? எங்ககிட்ட வந்தா நவம்பர் பூரா செவ்வாய், புதன் ராத்திரி ஆட்டம். அன்னைக்கு டிவியில வேற ஆட்டமே கிடையாது. நாடே உங்க பையனைத்தான் பார்க்கும். அந்த வெளிச்சம் வேற எங்கயும் கிடைக்காது."

"நாடு பார்க்கட்டும். நான் எப்படிப் பார்க்கிறது? செவ்வாய், புதன் எனக்கு வேலை."

"உங்க வீட்லயும் டிவி இருக்கில்ல?" என்று சிரித்தாராம் ப்ரன்னர்.

கெண்டல் சரி என்றான். லவோனும் தலையாட்டினாள்.

செப்டம்பர், அக்டோபர் ஆட்டங்கள் சனிக்கிழமை மதியம் நடக்கும். நானும் இரண்டு தடவை அவளோடு போயிருக்கிறேன். மைதானத்துக்கு வெளியே புல்லில் வண்டிகளை நிறுத்தி, பின்கதவைத் திறந்து போட்டு, சாசேஜ் சுட்டுத் தின்றுகொண்டிருக்கும் குடும்பங்கள். பேண்டு வாத்தியம். பன்னிரண்டாயிரம், பதிமூன்றாயிரம் பேர். நவம்பர் வந்ததும் டிவிக்காரர்கள் கேட்டபடி எல்லாம் வார நடுவில், இரவு எட்டு மணிக்கு. மறுநாள் வேலைக்குப் போகிறவன் எவன் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அந்தக் குளிரில் வருவான்? சாசேஜ் சுட்ட குடும்பங்கள் வரவில்லை. மாணவர்கள் முதல் பாதி வரை இருப்பார்கள். ஆனால் டிவியில் லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள், அதற்காகத்தானே ஏற்பாடு. கெண்டல் பெயரை வர்ணனையாளர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். லவோன் அதை இல்லத்துக் கூடத்தில், மருந்துத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்பாள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற கிழவர் ஷெங்க்தான் அந்த டிவியின் ராஜா. தனக்குப் பிடித்த வினாடி வினா நிகழ்ச்சியை அவள் மகனுக்காக விட்டுக் கொடுத்தார்.

கடைசி வருஷம் வந்தது. சொந்த மைதானத்தில் ஆடும் கடைசி ஆட்டத்தன்று, படிப்பு முடித்துப் போகிற பையன்களைப் பெற்றோர் கையைப் பிடித்து மைதானத்தின் நடுவுக்கு அழைத்துப் போவார்கள். அம்மாக்களுக்குப் பூங்கொத்து தருவார்கள். அந்த ஆட்டத்தை மட்டும் ஒரு சனிக்கிழமைக்குக் குறித்திருந்தார்கள். லவோன் பச்சை நிறத்தில் கோட்டு வாங்கி வைத்தாள், அணியின் நிறம் அது. ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது தேதி மாறியது. டிவியில் ஒரு இடம் காலியாக இருந்ததாம். செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள்.

மேலாளரிடம் விடுப்பு கேட்டாள். ஆள் குறைவு, மாற்றாள் கொண்டு வந்தால் போகலாம் என்றார்கள். செவ்வாய் எனக்கு ஓய்வு நாள். என்னிடம் வந்தாள்.

"பெவ், ஒரே ஒரு ராத்திரி. நீ கிறிஸ்துமஸ் அன்னைக்கு வீட்ல இரு, நான் உன் ஷிஃப்டைப் பார்த்துக்கறேன்."

செவ்வாய்க்கிழமை எனக்குப் பௌலிங், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். எங்கள் குழு அந்த வருஷம் முதல் முறையாக அரையிறுதிக்கு வந்திருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் இருந்தது என்று சொல்லிக்கொள்ளப் பல தடவை முயன்று பார்த்துவிட்டேன்.

"டிவியில வருதேடி," என்றேன். "அங்க போய்க் குளிர்ல உக்கார்றதைவிட டிவியில நல்லாவே தெரியும்."

அவள் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மைதானத்தின் நடுவுக்கு கெண்டலை அழைத்துப் போனது ப்ரன்னரின் மனைவி. பூங்கொத்தையும் அவர்தான் வாங்கிக்கொண்டார். அதை டிவியில் காட்டவில்லை.

பௌலிங் கூடத்தின் பாரிலும் அந்த ஆட்டம்தான் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. என் முறைக்குக் காத்திருந்தபோது பார்த்தேன். கேமரா தூரத்தில் போகும்போதெல்லாம் வெறும் இரும்பு பெஞ்சுகள். இடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போர்வைகள்.

"ஆட்டம் பார்க்க வந்தவனைவிட பாப்கார்ன் விக்கிறவன் ஜாஸ்தி இருக்கான்டா" என்றான் ஒருவன்.

"அடுத்த தடவை அவங்களையும் ஆடச் சொல்லுவாங்க" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மூன்றாவது கால்பகுதியில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு தப்பி வந்தான். கெண்டல் குறுக்கே பாய்ந்தான். தலை சற்றுக் குனிந்திருந்தது. மோதிய வேகத்தில் அந்தப் பையன் விழுந்தான், பிறகு எழுந்துவிட்டான். கெண்டல் எழவில்லை. கை, கால் எதுவும் அசையவில்லை. டிவிக்காரர்கள் அதையே நான்கு முறை திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு விளம்பரத்துக்குப் போனார்கள்.

இல்லத்தில் நடந்ததை ஷெங்க் பிறகு சொன்னார். லவோன் கத்தவில்லையாம். டிவிக்குப் பக்கத்தில் போய், திரையைத் தொடுகிற தூரத்தில் நின்று, "எந்திரி" என்றாளாம். இரண்டு தடவை. விளம்பரம் வந்ததும் போய் மேலாளரை ஃபோனில் கூப்பிட்டாள். மாற்றாள் வராமல் தளத்தை விட்டுப் போனால் சட்டப்படி குற்றம் என்றார் மேலாளர். அது உண்மைதான். இருபத்திரண்டு கிழடுகளுக்கு அந்த நேரத்தில் அவள் ஒருத்திதான்.

நான் பந்தைப் போட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிட்டேன். இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் பார்த்தேன், காலில் பௌலிங் கூடத்தின் வாடகை ஷூ. லவோன் வாசலில் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பச்சைக் கோட்டை அன்றைக்கு வேலைக்குப் போட்டு வந்திருக்கிறாள்.

"போ," என்றேன். "நான் பார்த்துக்கறேன், போ."

"ஷெங்க்குக்குப் பதினோரு மணி மாத்திரை இன்னும் குடுக்கலை. ஏழாம் நம்பர் அறைக்காரம்மாவைப் புரட்டிப் போடணும்" என்றாள். பிறகு ஓடினாள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரப் பாதை.

கழுத்தெலும்பு நொறுங்கி உள்ளே நரம்பு நசுங்கியிருந்தது. கால்கள் போனது போனதுதான் என்று மூன்றாம் நாளே சொல்லிவிட்டார்கள். கைகளைத் தோளிலிருந்து அசைக்க முடிந்தது. விரல்கள் அசையவில்லை. அவனைப் பார்க்கவென்றே ஒரு தொழில்முறை அணிக்கு ஆள் எடுக்கிறவர் அன்று வந்து அந்தக் காலி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததாக ப்ரன்னர் ஆஸ்பத்திரியில் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பார். லவோன் அவரைப் பார்த்து, "அதை அவன்கிட்ட சொல்லிறாதீங்க" என்றாள்.

அந்த மோதலை ஃபோனில் நாற்பது லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். மார்ச் மாதம் கெண்டல் வீட்டுக்கு வந்தான். சர்ச்சுக்காரர்கள் வாசலில் சாய்தளம் போட்டுக் கொடுத்தார்கள். லவோன் இரவு வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் மளிகைக் கடையில் ஒரு ஆள் சக்கர நாற்காலிக்கு முன்னால் வந்து குனிந்து, "டிவியில அடிபட்டது நீதானே? நான் லைவ்ல பார்த்தேன் தம்பி" என்று பெருமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு கெண்டல் கடைக்கு வருவதில்லை.

அடுத்த நவம்பரில் கிரான்டனிலிருந்து ஃபோன் வந்தது. ஆட்டத்தின் இடைவேளையில் அவனைக் கௌரவிக்கிறார்களாம், செவ்வாய்க்கிழமை இரவு. லவோன் வேண்டாம் என்றாள். அவன் போக வேண்டும் என்றான். நாற்காலியைத் தூக்கி இறக்க நானும் போனேன்.

பனியும் மழையுமாகக் கலந்து அடித்த இரவு. அன்று ஒன்பதாயிரம் பேர் வந்ததாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அது விற்றதும் சும்மா கொடுத்ததுமான டிக்கெட் கணக்கு. நான் பார்த்தது முந்நூறு பேர் இருக்கும், அதில் பாதிப் பேர் இடைவேளைக்குச் சூடாக ஏதாவது குடிக்க எழுந்து போனார்கள். லவோன் அவனை ஈரப் புல்லில் தள்ளிக்கொண்டு நடுவுக்குப் போனாள். ஒரு சட்டகமிட்ட ஜெர்சியை அவன் மடியில் வைத்தார்கள். கைதட்டினார்கள். எல்லோரும் கம்பளிக் கையுறை போட்டிருந்ததால் சத்தமே எழவில்லை. கைகள் அசைவது மட்டும் தெரிந்தது.

ஓரத்துக்குத் திரும்பி வந்ததும் கெண்டல் அங்கே நின்ற பல்கலைக்கழக அலுவலகப் பெண்ணிடம் கேட்டான், "டிவியில காட்டினாங்களா?"

"பத்து செகண்டாவது காட்டறேன்னாங்க. ஸ்டூடியோவுல பேச்சு நீண்டுருச்சு போல. சாரி."

இரண்டாம் பாதி பார்க்காமலே கிளம்பினோம். லவோன் ஓட்டினாள், கெண்டல் அவள் பக்கத்து சீட்டில். வண்டியின் துடைப்பான் மட்டும் போய்வந்து கொண்டிருந்தது. நான் பின்சீட்டில் மடக்கிய சக்கர நாற்காலியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அன்னைக்கு ஹெல்மெட்டைக் கழட்டாம அப்படியே கிடந்தேன்ல," என்றான் கெண்டல் திடீரென்று. "தலை கிழக்கு ஸ்டாண்டு பக்கம் திரும்பி இருந்துச்சு. உன்னைத் தேடினேன்."

"நான் வரலைன்னு உனக்குத் தெரியுமேப்பா."

"தெரியும். இருந்தாலும் தேடினேன். மொத்த ஸ்டாண்டும் காலி, அம்மா. நீ இருந்திருந்தா தேடவே வேண்டியதில்ல, உடனே தெரிஞ்சிருக்கும்."

லவோன் "லீவு கேட்டேன். கிடைக்கலை" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். என் பெயரை எடுக்கவில்லை. இந்த ஒரு வருஷமாக அவனிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"உங்கம்மா என்கிட்ட கேட்டா, கெண்டல்" என்றேன். "ஷிஃப்டை மாத்திக்கச் சொல்லி. நான்தான் முடியாதுன்னேன்."

அவனால் கழுத்தைத் திருப்ப முடியாது. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டான். "எதுக்கு?"

"பௌலிங்."

"ஜெயிச்சீங்களா?" என்றான்.

"இல்லப்பா. பாதியில வந்துட்டேன்."

அவன் மூக்கால் ஒரு சத்தம் போட்டான். சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. லவோன் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. இறங்கி, அவன் பக்கத்துக் கதவைத் திறந்து, காலிலிருந்து நழுவியிருந்த போர்வையை இழுத்துச் சுற்றிவிட்டு, மறுபடி வந்து ஓட்டினாள்.

வீட்டில் அவனைப் படுக்கையில் கிடத்தியபோது, குளிரில் அவன் குதிகாலில் தோல் வெடித்து ரத்தம் வந்திருந்ததைப் பார்த்தோம். அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்தப் புண் ஆற நாலு மாதம் ஆயிற்று. அதற்காக இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தான். இரண்டாவது தடவை காய்ச்சல் ரத்தத்தில் ஏறி, பிழைப்பானா என்று ஒரு வாரம் தெரியாமல் இருந்தோம். பிழைத்தான். பக்கத்து ஊர்க் கல்லூரியில் சேர்ந்து மீதிப் படிப்பை முடித்தான். இப்போது ஃபோனில் பேசுகிற ஒரு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறான்.

வேலைக்குப் போகிற வழியில் அங்கே இறங்கி, படுக்கைப்புண் வராமல் அவனைப் புரட்டிப் போட நானும் ஒரு கை கொடுக்கிறேன். லவோனுக்கு முதுகு போய்விட்டது, தனியாக முடிவதில்லை. என்மேல் கோபமா என்று ஒருநாள் அவளைக் கேட்டேன்.

"ஆமா," என்றாள். "காலைப் பிடி, ஒண்ணு ரெண்டு மூணுன்னதும் தூக்கு."