அக்கா கொடுத்த இரத்தம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் இரத்தசோகைதான் என் ஆராய்ச்சி. சாந்தோம் வீட்டிலிருந்து நடந்துவந்து மயிலாப்பூரில் டிராம் ஏறுவேன். போனதும் விரல்களைக் குத்தி எடுத்த துளிகளை நுண்ணோக்கியில் வைத்துச் சிவப்பணுக்களை எண்ணுவேன். அந்தப் பெண்களுக்கு அணுக்கள் குறைவாக இருக்கும். இருப்பவையும் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கும். ஈரல் சாறு கொடுத்ததில் சிலர் தேறினார்கள்.

ஒரு நாள் காலை கச்சேரி ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பிரசவமாகிப் பத்து நாள். உள்ளங்கை மெழுகு போல வெளுத்திருந்தது. ஈரல் சாறு வேலை செய்யும்வரை தாங்கமாட்டாள், இரத்தம் ஏற்றிவிடலாம் என்றார் பெரிய டாக்டர். இரத்தத்தைச் சேமித்துவைக்கும் வழக்கம் அப்போது இல்லை. கூட வந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். புத்தகம் பைண்டு செய்யும் அவள் கணவர் உடனே கையை நீட்டினார். அவருடைய இரத்தம் ஒத்துவரவில்லை. அவளுடைய அக்கா முன்னால் வந்தாள்.

"என்னுது எடுத்துக்கோங்க டாக்டரம்மா. எவ்ளோ வேணும்னாலும்."

கண்ணாடிச் சில்லில் நோயாளியின் இரத்தத்திலிருந்து தெளித்தெடுத்த சீரத்தோடு அக்காவின் இரத்த அணுக்களைக் கலந்தேன். ஒத்துவராத இரத்தம் என்றால் அணுக்கள் மணல் மணலாகத் திரளும். பத்து நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். வார்டிலிருந்து இரண்டு முறை ஆள் வந்துவிட்டது. நான் முன்னதாகவே பார்த்தேன். திரளவில்லை. "ஒத்துவருகிறது" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

கால் புட்டி இரத்தம் ஏறுவதற்குள் அந்தப் பெண் இடுப்பு வலிக்கிறது என்றாள். பிறகு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. குழாயை எடுத்துவிட்டார்கள். அதன்பின் சிறுநீர் கறுத்துப்போனது, பிறகு நின்றேவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் இறந்தாள்.

இரத்தம் ஏற்றிய அன்றே, நடுக்கம் என்று கேள்விப்பட்டதும், ஓடிப்போய் அந்தச் சில்லை எடுத்துப் பார்த்திருந்தேன். ஓரத்தில் நான்கைந்து இடத்தில் பொடிப்பொடியாகத் திரண்டிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. கை கழுவினேன். அடுத்த துளியை எண்ண உட்கார்ந்தேன். எண்ணிக்கை சரியாகவே வந்தது.

அவள் இறந்ததும் பெரிய டாக்டரிடம் சில்லைப் பற்றிச் சொன்னேன்.

"காரணம் தெரியவில்லை என்று எழுதும்மா. இதெல்லாம் நடப்பதுதான்."

"தெரியும் சார். நான் அவசரப்பட்டுப் பார்த்துவிட்டேன்."

"அப்படியானால் அப்படியே எழுது" என்றார். எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அக்கா வாசலில் நின்றாள். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"டாக்டரம்மா, என் ரத்தம் இன்னா தப்பு பண்ணிச்சு?"

"ஒரு தப்பும் பண்ணலைம்மா. உங்க ரத்தம் நல்ல ரத்தம். அவங்களுக்கு ஒத்துக்காது, அவ்வளவுதான். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான். சரியாப் பார்க்கலை."

அவள் முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"எல்லாரும் என் ரத்தம் கெட்ட ரத்தம்னு பேசிக்கினு கீறாங்க. புள்ளய என் கைல தர மாட்றாங்க. நீங்க உள்ள வந்து அவர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

உள்ளே போனேன். இறந்தவளின் கணவர் பாயில் உட்கார்ந்திருந்தார். அதே வார்த்தைகளை அவரிடமும் சொன்னேன். பாடம் ஒப்பிப்பதுபோல இருந்தது என் குரல். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் எழுந்து, தூளியிலிருந்து குழந்தையை எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

மறுநாள் பெரிய டாக்டரிடம், இனி ஒவ்வொரு சில்லையும் கடிகாரத்தைப் பார்த்து முழு நேரம் வைக்க வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். அந்த வருடம் முழுக்க அப்படித்தான் செய்தோம். எனக்கு அழுகை வரவில்லை. ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று வீட்டில் அம்மா கேட்டபோது, வேலை அதிகம் என்று சொன்னேன்.