பூட்டிய பெரிய வாசல்

நான் பிழைக்க வந்த பிரான்சில் மாதா கோயில்கள் வாரம் முழுக்கத் திறந்து கிடக்கும். உள்ளே ஈ காக்காய் இருக்காது. எந்த வாசல் வழியாகவும் போகலாம், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், நீ யார் என்று கேட்க ஆளில்லை. அப்படிப்பட்ட பழைய கிராமத்துக் கோயில்களுக்குச் சுண்ணாம்பு பூசிப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். ஒருநாள் என் மேஸ்திரி ஜெரார், உங்கள் ஊர்க் கோயிலில் உன் குடும்பம் எங்கே உட்காரும் என்று கேட்டார். வலது பக்கச் சிறகில், எங்களுக்கென்று தனி வாசல் உண்டு என்றேன். மனுஷன் தொப்பியையே கழற்றிவிட்டார். "அப்படியென்றால் நீங்கள் பிரபு வம்சமா?" இங்கே பிரபுக்கள்தான் கோயிலின் பக்கத்தில் தனிக்கூடம் கட்டித் தனி வாசல் வைத்துக்கொள்வார்களாம். நான் விளக்கப் போகவில்லை. ஒருநாளாவது பிரபுவாக இருந்துவிட்டுப் போகிறேனே.

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கு மேற்கே, கல்வராயன் மலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது. கோயில், வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் சிலுவை வடிவில் கட்டியது. உயரமான நடுக்கூடம், முகப்பில் வளைவு வைத்த பெரிய வாசல், இரண்டு பக்கமும் தாழ்ந்த சிறகுகள். மலையடிவாரத்திலிருந்து கல் சுமந்ததும் சுண்ணாம்பு அரைத்ததும் எங்கள் காலனிக்காரர்கள். கட்டி முடித்ததும் நடுக்கூடம் ஊர்த்தெருவுக்கு, வலது சிறகு எங்களுக்கு. குறுக்கே இருந்த இடுப்புயரச் சுவரை நான் பிறப்பதற்கு முன்பே இடித்துவிட்டார்கள். ஆனாலும் அது இருந்த இடத்தை எங்களில் யாரும் தாண்டியதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா செத்தபோது விமானம் பிடித்து வந்து, சவப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நேராகப் பெரிய வாசலுக்குப் போனேன். கோயில் கமிட்டித் தலைவர் படியில் நின்றுகொண்டு, "இன்னாப்பா, வெளிநாடு போய்ட்டா வழி மறந்துடுமா? அந்தாண்ட எடுத்துகினு போ" என்றார். எடுத்துக்கொண்டுதான் போனேன்.

அதே தலைவர் இந்த வருஷம் போன் செய்தார். "தம்பி, நம்ம கோயில்ல வெரிசல் வுட்டுகினு கீது. நீங்கதான் இந்த வேலைல கில்லாடியாமே, வந்து பாருங்க." நம்ம கோயிலாம்! அன்றைக்கு நீ, இன்றைக்கு நீங்க. அடுத்த விமானத்தில் ஏறிவிட்டேன். போய்ப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அழகுபடுத்துகிறேன் என்று நடுக்கூடத்தின் சுண்ணாம்புச் சுவரெல்லாம் சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, முகப்பு வளைவின் தலையில் கான்கிரீட் கோபுரம் ஒன்றையும் ஏற்றியிருந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் ஊறி, பாரம் தாங்காமல் வளைவு பிளந்திருந்தது. எங்கள் சிறகுக்கு மட்டும் யாரும் ஒரு கரண்டி சிமென்ட் செலவழிக்கவில்லை. அதனாலேயே அது கல்லுக்குண்டு மாதிரி நின்றது.

"பெரிய வாசலைப் பூட்டுங்க. நடுக்கூடத்துல யாரும் உக்காரக் கூடாது. பூசையெல்லாம் வலது சிறகுல, அந்த வாசல் வழியாத்தான்" என்றேன். வளைவுக்கு நாலு முட்டுக் கொடுத்தால் தாராளமாகப் போய்வரலாம். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. ஏன் சொல்லணும்? பங்குச் சாமியார் பயந்துபோய் அன்றைக்கே பூட்டிவிட்டார்.

தலைவர் எங்கள் வாசலில் குனிந்து நுழைவதைப் பார்க்கவென்றே ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். ஊர்த்தெருவில் ஒருத்தர்கூட வரவில்லை. வெளியே பந்தல் போட்டு, ஒலிபெருக்கியில் பூசை கேட்டார்கள். பந்தல் போதாமல் பாதிப் பேர் வெயிலில். வேகட்டும் என்றிருந்தேன். தலைவரின் வழுக்கையில் வேர்வை வழிவதைப் பார்க்க அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

நடக்க முடியாமல் கட்டிலோடு கிடக்கும் அம்மாவிடம் வந்து இதைச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "உங்கப்பனத்தான் பக்கத்து வாசல் வழியா இட்டுகினு போனாங்க. என்னையாச்சும் நீ பெரிய வாசல் வழியா தூக்கினு போவேன்னு இருந்தேன். நீயே பூட்டிட்டு வந்து நிக்கிறியேடா" என்றாள்.

மறுநாள் சவுக்குக் கட்டை அறுத்து நானே முட்டுக் கொடுத்தேன். அதற்கு முன் கள்ளக்குறிச்சிக்குப் போய், சவப்பெட்டிக் கடையில் அகலத்தை அளந்துகொண்டேன். பெட்டியும் அதைத் தூக்குகிறவர்களும் போகிற அளவுக்கு நடுவில் இடம் விட்டேன். "நான் வந்து பார்க்காமல் திறந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை" என்று சாமியாரிடம் எழுதியே கொடுத்தேன். அதுவும் பொய்தான். "எப்பதான் தொறக்கறது தம்பி?" என்று கெஞ்சினார் தலைவர். "அடுத்த தடவ வரும்போது" என்றேன். எதற்கு வருவேன் என்று சொல்லவில்லை.

பிரான்சுக்குத் திரும்பிவிட்டேன். ஊரிலிருந்து போன் வந்தால், அம்மாவுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது மாதாவே என்று கும்பிட்டபடிதான் எடுக்கிறேன். "ஒண்ணுமில்லடா, சாப்ட்டியான்னு கேக்கத்தான்" என்கிறாள். உயிர் வருகிறது. போனை வைத்த பிறகு அந்தக் கதவு நினைவுக்கு வரும். உடனே நெஞ்சின் மூலையில் ஒரு ஏமாற்றம் தலைதூக்கும். பெற்றவள் உயிரோடிருப்பதில் ஏமாற்றம்! அப்பாவைத் தடுத்ததற்கு மட்டுமல்ல, என்னை இப்படி ஆக்கியதற்கும் சேர்த்துத்தான் அந்த ஆளை நான் மன்னிக்கவே மாட்டேன்.